பாவச்சுமையும் மீட்பர் சரிதமும்: எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்வில் ‘இரட்சணியம்’

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் தலைமையிடம் பெறுபவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). வைணவ மரபில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, முப்பதாம் அகவையை ஒட்டிக் கிறித்தவம் தழுவிய இவர், தம் முதன்மையான நூல்களுக்கு ‘இரட்சணியம்’ என்னும் சொல்லையே தலைப்பின் முதலுறுப்பாக அமைத்தார். அச்சொல்லை நடுவாகக் கொண்டு அவர்தம் வாழ்வை நிரல்படுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். பாவத்திலிருந்து விடுதலை என்னும் வாக்குறுதி அவருக்குப் பிறந்த சமயத்திலேயே கிடைத்திருந்தது. அவர் புதிதாகக் கண்டது, அவ்விடுதலைக்குரிய விலையை மீட்பரே செலுத்தினார் என்னும் கருத்தாகும். பன்யனின் மூலநூலில் விரித்துரைக்கப்படாத மீட்பரின் பாடுகளைத் தம் காப்பியத்தில் அவர் விரித்துப் பாடியமைக்கு இதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இரட்சணியம், பாவம், வினை, மீட்பர், சரணாகதி, இரட்சணிய யாத்திரிகம், கம்பர், பன்யன்.

முன்னுரை

தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் கிருஷ்ண பிள்ளையைப் பெரும்பாலும் இரண்டு தொடர்களில் அறிமுகம் செய்துவிடுகின்றன. ஒன்று, அவர் கிறித்தவக் கம்பர் என்பது. மற்றொன்று, ஜான் பன்யனின் ஆங்கில நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார் என்பது. இரண்டும் உண்மையே. ஆயினும் முதல் தொடர் அவரைக் கம்பரின் நிழலாகவும், இரண்டாம் தொடர் அவரைப் பன்யனின் நிழலாகவும் ஆக்கிவிடுகின்றன. அவர் தமக்கென எதைச் சொல்ல முற்பட்டார் என்னும் வினா இவ்விரண்டிற்கும் இடையில் மறைந்துபோகின்றது. அவ்வினாவிற்கு விடை காண, அவர் வாழ்வின் திருப்பங்களை நூல்களோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஏ.ஜே. அப்பாசாமி, டென்னிஸ் ஹட்சன் ஆகியோர் அவர் வாழ்வை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வு மரபைத் தொடரும் இக்கட்டுரை, தமிழ்ச் சொல்லாட்சி, காப்பிய அமைப்பு ஆகிய இரண்டின் வழியாக அவர்தம் சமய மாற்றத்தை அணுகுகின்றது.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள், திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். அதனைப் பிறருக்கு எடுத்துரைப்பதில் வல்லவர். எனவே கிருஷ்ண பிள்ளைக்குக் கம்பர் ஏட்டில் அறிமுகமாவதற்கு முன்னரே செவியில் அறிமுகமாகிவிட்டார். பின்னர்த் திருப்பாற்கடல்நாத கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுப் புலமை பெற்றார்.

இவ்வீட்டுச் சூழல் அவருக்குத் தந்தவற்றுள் யாப்புப் பயிற்சியைவிட முதன்மையானது ஒன்றுண்டு. வைணவ மரபில் இறைவன் காப்பவன். உயிர் காக்கப்படும் பொருள். இவ்வுறவை ‘இரட்சக–இரட்சிய’ உறவு என ஆசாரியர்களின் மணிப்பிரவாள நூல்கள் குறிக்கின்றன. மூன்று இரகசியங்களுள் ஒன்றாகிய சரம சுலோகம், தன்னையே அடைக்கலமாகப் பற்றுவோரை எல்லாப் பாவங்களிலிருந்தும் விடுவிப்பதாக இறைவன் உறுதி கூறுவதாகும். கம்பரின் யுத்த காண்டத்தில் வீடணன் அடைக்கலம் பெறும் பகுதி இக்கோட்பாட்டின் கதைவடிவமாகவே வைணவ உரையாளர்களால் போற்றப்படுகின்றது. ஆகவே, தன் முயற்சியால் தன் பாவத்தைத் தீர்த்துக்கொள்ள இயலாத மனிதனை இறைவனே முன்வந்து காக்கின்றான் என்னும் கருத்து கிருஷ்ண பிள்ளைக்குக் கிறித்தவ நூல்களின் வழியாக முதன்முதல் வந்ததன்று. இதனை நினைவிற் கொள்ளாமல் அவர்தம் சமய மாற்றத்தை விளக்க முற்படுவோர், இருளிலிருந்து ஒளிக்கு வந்தார் என்றோ, தாய்மரபைத் துறந்தார் என்றோ எளிதாகக் கூறிவிடுவர்.

சாயர்புரமும் சமயச் சூழலும்

1853ஆம் ஆண்டு கிருஷ்ண பிள்ளை சாயர்புரம் கல்விநிலையத்தில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அவரை அப்பணிக்குத் தேர்ந்தவர் இடையன்குடியில் பணியாற்றிவந்த இராபர்ட் கால்டுவெல். ஜி.யு. போப் முன்னர் உருவாக்கிய அக்கல்விநிலையம் எஸ்.பி.ஜி. மிஷனைச் சேர்ந்தது, கிறித்தவ ஊழியர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவது அதன் நோக்கம். வைணவராகிய ஒருவர் அங்கே தமிழ் கற்பிக்க அமர்த்தப்பட்டமை, இலக்கணப் புலமைக்கு மிஷனரிகள் அளித்த மதிப்பைக் காட்டுகின்றது.

அக்காலத் திருநெல்வேலிச் சூழல் அமைதியானதன்று. 1840களில் அம்மாவட்டத்தில் கிறித்தவப் பரவலை எதிர்த்து விபூதிச் சங்கம் எழுந்தது. மோதல்களும் வழக்குகளும் நிகழ்ந்தன. நாடார் சமூகத்தார் பெருந்தொகையாகக் கிறித்தவத்தில் இணைந்துகொண்டிருந்த நிலையில், நிலவுடைமையும் கோயில் உரிமையும் கொண்ட வேளாளரிடையே புதிய சமயத்தின்மீது கடும் எதிர்ப்பு நிலவியது. அத்தகைய குடியிலிருந்து ஒருவர் கிறித்தவராவது, உறவையும் ஊரையும் இழக்க நேரிடும் செயலாகும். கிருஷ்ண பிள்ளை ஐந்தாண்டுக்காலம் தம் சமய ஒழுக்கத்தில் நின்றவாறே சாயர்புரத்தில் பணியாற்றினார். ஊதியமும் பதவியும் அவருக்குச் சமய மாற்றத்திற்கு முன்னரே இருந்தன. இதனை நோக்கின், உலகியல் நலன் கருதி அவர் மாறினார் என்னும் கருத்திற்கு இடமில்லை.

சமய மாற்றம்

மாற்றத்தின் தொடக்கம் நண்பரிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் வந்தது. நண்பர் தனுக்கோடி ராஜுவும், உடன்பிறந்த தம்பி முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டனர். அவர்களோடு நிகழ்ந்த உரையாடல்களும், கிறித்தவ நூல்களைப் பயின்றதும் அவருள் நெடுங்காலப் போராட்டத்தை விளைத்தன. இப்போராட்டத்தைப் பின்னாளில் அவரே தம் சமய மாற்ற வரலாறாக உரைநடையில் எழுதினார். 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் அப்போது அவர் பெயரின் முன்னர் இணைந்தன. எனினும் பெற்றோர் இட்ட கிருஷ்ணன் என்னும் பெயரை அவர் நீக்கவில்லை. திருமாலின் பெயரைத் தாங்கியவராகவே கிறித்துவின் காப்பியத்தையும் பாடினார்.

அவர் எதனைத் தேடினார் என்பதை அவருடைய நூல்கள் ஒருமுகமாகக் காட்டுகின்றன. அடைக்கலம் அளிக்கும் இறைவனை அவர் முன்னரே அறிந்திருந்தார். அவரை வாட்டிய சிக்கல், நீதியும் அருளும் ஓரிறைவனிடத்தே எவ்வாறு ஒன்றி நிற்கும் என்பதாகும். பாவத்தைத் தண்டியாமல் விடுவது அருளாயின் நீதி குன்றும். தண்டித்தே தீர்வது நீதியாயின் அருளுக்கு இடமில்லை. வைணவ மரபு இச்சிக்கலைத் திருமகளின் பரிந்துரையாலும், இறைவனின் வாத்சல்யத்தாலும் தீர்க்கின்றது. கன்றின் உடலிலுள்ள அழுக்கைத் தாய்ப்பசு நக்கித் துடைப்பதுபோல் அடியாரின் குற்றத்தை இறைவன் ஏற்கின்றான் என்பது அம்மரபில் வழங்கும் உவமை. சாயர்புரத்தில் அவர் கேட்ட ஆங்கிலிக்கன் கோட்பாடு வேறொரு விடையைக் கூறியது. அதன்படி, நீதி கோரும் தண்டனையை மீட்பர் தாமே ஏற்றுத் தம் உயிரால் ஈடுசெய்தார்; ஆதலின் நீதியும் குன்றவில்லை, அருளும் குன்றவில்லை. கிருஷ்ண பிள்ளையின் உள்ளம் இவ்விடையில் நிலைகொண்டது.

இவ்விரு விடைகளுள் எது உயர்ந்தது என்று தீர்ப்பது இலக்கிய ஆய்வின் பணியன்று. ஒருவிடையிலிருந்து மற்றொன்றிற்கு அவர் கடந்த தொலைவு, வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவதைவிடக் குறுகியது என்பதே இங்குக் கருதத்தக்கது. அடைக்கலம், காப்பவன், கைம்மாறு கருதா அருள் ஆகியவை அவரிடம் மாறாதிருந்தன. காக்கும் இறைவன் தன்னை இழந்து காத்தான் என்னும் ஒன்றே புதியது. அவ்வொன்றிற்காகவே அவர் வாழ்வின் மீதிப் பகுதி செலவிடப்பட்டது.

நாவலரும் கிருஷ்ண பிள்ளையும்

சென்னையில் கிருஷ்ண பிள்ளை பீட்டர் பெர்சிவலோடு தொடர்புகொண்டு, அவர் நடத்திய தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகப் பணியாற்றினார். இதே பெர்சிவலோடு யாழ்ப்பாணத்தில் விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). இருவரும் வேளாளர், இருவரும் மரபுவழித் தமிழ்க்கல்வி பெற்றவர், இருவரும் கிறித்தவ நூல்களை நுணுகிக் கற்றவர். நாவலர் அப்பயிற்சியைக் கொண்டு சைவத்தைக் காக்க முற்பட்டு, மிஷனரிகளின் அச்சு, பள்ளி, பிரசங்கம் ஆகிய கருவிகளைச் சைவத்திற்கு உரியனவாக்கினார். கிருஷ்ண பிள்ளையோ சமயத்தை மாற்றிக்கொண்டு, காப்பியம், விருத்தம், பதிகம் ஆகிய மரபுக் கருவிகளைக் கிறித்தவத்திற்கு உரியனவாக்கினார். ஒரே நூற்றாண்டின் சமயச் சந்திப்பு எதிரெதிர்த் திசைகளில் இரு பெரும் ஆளுமைகளை உருவாக்கியதனை இவ்வொப்புமை உணர்த்துகின்றது.

ஆசிரியப் பணியும் நூலாக்கமும்

சென்னையிலிருந்து மீண்ட பின்னர் அவர் வாழ்வு பெரும்பாலும் ஆசிரியப் பணியிலேயே கழிந்தது. சாயர்புரத்திலும், பாளையங்கோட்டையில் சி.எம்.எஸ். மிஷனின் கல்விநிலையத்திலும், 1880களின் பிற்பகுதியில் திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். மாணவர் பயன்பாட்டிற்காகப் பழந்தமிழ்ச் செய்யுள்களைத் தொகுத்துக் காவிய தரும சங்கிரகம் என்னும் நூலை உருவாக்கினார். சமயம் மாறிய பின்னரும் பழைய இலக்கியங்களைக் கற்பிப்பதையோ போற்றுவதையோ அவர் விடவில்லை. சமயக் கொள்கை வேறு, இலக்கியச் செல்வம் வேறு எனப் பகுத்துணர்ந்த அவருடைய பார்வை இத்தொகுப்பால் விளங்குகின்றது.

இரட்சணிய யாத்திரிகம்: தழுவலும் சேர்க்கையும்

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் பன்யன் (1628–1688), அரசு திருச்சபையின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தவர். அவருடைய பயண உருவகக் கதையின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. முதுகில் பெருஞ்சுமையோடு அழிவின் நகரத்தை நீங்கிய ஒருவன், பல இடர்களைக் கடந்து விண்ணக நகரை அடைவதே அதன் கதை. சுமை பாவத்தைக் குறிக்கின்றது. சிலுவையைக் கண்ட அளவில் அது அவன் முதுகிலிருந்து நழுவி விழுகின்றது.

இக்கதையைத் தழுவிய இரட்சணிய யாத்திரிகம், நற்போதகம் என்னும் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களையும், 3,700க்கும் மேற்பட்ட விருத்தங்களையும் கொண்டது. பன்யனின் எளிய உரைநடை இங்கே பெருங்காப்பிய நடையாகின்றது. இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களும் அமைந்துள்ளன. சைவத் திருமுறையின் பெயரைக் கிறித்தவ வேண்டுதலுக்குச் சூட்டிய அத்துணிவும் கருதத்தக்கது.

தழுவலில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம் குமார பருவத்தில் உள்ளது. பன்யனின் வாசகர்கள் கிறித்துவின் பாடுகளைப் பிள்ளைப்பருவம் முதல் கேட்டறிந்தவர்கள். எனவே சிலுவை என்று ஒருமுறை சுட்டினாலே போதுமானதாக இருந்தது. கிருஷ்ண பிள்ளையின் வாசகர்களுள் பலர் அக்கதையை அறியாதவர்கள். சுமை ஏன் விழுந்தது என்பதைச் சொல்லாமல் சுமை விழுந்தது என்று மட்டும் பாடினால், அந்நிகழ்ச்சி அவர்களுக்குக் காரணமற்ற அற்புதமாகவே தோன்றும். ஆதலின் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, மீட்பர் கட்டுண்டதையும், இகழப்பட்டதையும், உயிர் துறந்ததையும் விரித்துப் பாடினார். வாசகர்களின் தேவை இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் அவர் வாழ்விலேயே உள்ளது. மீட்பர் செலுத்திய விலையே அவரைச் சமயம் மாறச் செய்தது. அவ்விலையை விரித்துப் பாடாமல் தம் காப்பியத்தை அவர் அமைத்திருக்க இயலாது.

அப்படலத்தின் காப்பிய நெறி கம்பரிடம் கற்றதாகும். பழிமொழிகள் தீயினும் கொடியனவாய்ச் சுடும்போதும் மீட்பர் வாய் திறவாது நிற்கின்றார். தம்மை வருத்துவோரின் அறியாமைக்காக அவர் உள்ளம் இரங்குகின்றது. காண்போர், நிலம் ஏன் பிளக்கவில்லை, கடல் ஏன் வற்றவில்லை எனப் புலம்புகின்றனர். முடியிழந்து கானேகப் பணிக்கப்பட்டபோதும் முகமலர்ச்சி குன்றாத இராமனையும், நகர் நீங்கும் அவனைக் கண்டு கதறும் அயோத்தி மக்களையும் கம்பரில் பயின்றவர் இதன் வேரை எளிதில் உணர்வர். ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இராமனின் துன்பம் அவனைப் பகைவனை வெல்லும் போருக்கு இட்டுச் செல்கின்றது. கிருஷ்ண பிள்ளையின் மீட்பருக்கோ துன்பமே போராகவும், இறப்பே வெற்றியாகவும் அமைகின்றன. தன்னேரில்லாத் தலைவன் என்னும் காப்பிய இலக்கணம் இங்கே தோற்றத்தால் தோல்வியுற்றவன்மீது ஏற்றப்படுகின்றது.

வீரமாமுனிவரின் தேம்பாவணியோடு ஒப்பிட்டாலும் இதன் தனித்தன்மை புலனாகும். தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர். மீட்பரின் சிலுவைப்பாடு அக்காப்பியத்தின் முதன்மைக் களம் அன்று. இரட்சணிய யாத்திரிகத்தின் கதைத்தலைவன் சுமை தாங்கிய சாதாரண மனிதன். அவன் பயணத்திற்குப் பொருள் தருவது மீட்பரின் சரிதம். காப்பவனும் காக்கப்படுபவனும் ஒரே காப்பியத்தில் இணைந்து நிற்கும் இவ்வமைப்பு, அவர் இளமையில் கற்ற இரட்சக–இரட்சிய உறவின் காப்பிய வடிவம் எனக் கொள்ளத்தக்கது.

வினையும் பாவமும்

தமிழ்ச் சமய மரபில் வினை என்பது கட்டாகவும், வித்தாகவும், நோயாகவும், கடக்கவேண்டிய பிறவிக் கடலுக்குக் காரணமாகவும் உருவகிக்கப்பட்டுள்ளது. நல்வினை, தீவினை இரண்டுமே பிறவிக்கு ஏதுவாதலின் இரண்டிலிருந்தும் விடுபடுதல் வேண்டும் என்பது சைவ, வைணவ மரபுகளுக்குப் பொது. கிறித்தவத்தில் பாவம் இறைவனுக்கு எதிராக ஒருவன் செய்த குற்றம். அதற்குப் பொறுப்பும் தீர்ப்பும் உண்டு. பிறவிச் சுழற்சி இல்லை. இவ்வேறுபாட்டைத் தமிழில் கூறுவது எளிதன்று. கிருஷ்ண பிள்ளை பழைய சொற்களை விலக்காமல், அவற்றைப் புதிய கதையோட்டத்தில் வைத்துப் பொருளை நகர்த்தினார். சுமையென்னும் உருவகம் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. சுமையைப் பிறிதொருவர் ஏற்றுக்கொள்ள இயலும். ஒருவர் செய்த வினையின் பயனைப் பிறர் நுகர்தலை ஏற்பது வினைக்கோட்பாட்டில் அரிது. மீட்பர் ஏற்றுக்கொண்டார் என்பதே கதையாதலின், கட்டு, நோய் ஆகியவற்றைவிடச் சுமையே அவர் பொருளுக்குப் பொருந்திற்று.

‘இரட்சணியம்’ என்னும் சொல்லையும் இவ்வாறே நோக்க வேண்டும். புராட்டஸ்தாந்து விவிலியத் தமிழில் இரட்சகர், இரட்சிப்பு ஆகிய சொற்கள் முன்னரே நிலைபெற்றிருந்தன. அவை வைணவச் செவிக்கும் பழகியவை. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு மீட்பர், மீட்பு ஆகிய சொற்களைப் பயன்படுத்துகின்றது. மீட்பு என்பதில், பணயமாய்ப் போன பொருளை விலை கொடுத்துத் திரும்பப் பெறும் பொருள் விளங்கி நிற்கின்றது. இரட்சணியம் என்பதில் காத்தல் பொருளே மேலோங்குகின்றது. கிருஷ்ண பிள்ளை காத்தலைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு விலைகொடுத்து மீட்டலைப் பாடினார் எனலாம். பிறந்த மரபும் புகுந்த மரபும் அவர் தலைப்புச் சொல்லிலேயே சந்திக்கின்றன.

இறுதி ஆண்டுகள்

காப்பியத்தை அடுத்து 1898இல் இரட்சணிய சமய நிர்ணயமும், 1899இல் இரட்சணிய மனோகரமும் வெளிவந்தன. முன்னது கிறித்தவமே மீட்பளிக்கும் சமயம் என நிறுவ முற்படுவது. அதன் வாதமுறை அக்காலச் சமயக் கண்டனங்களின் சாயல் உடையது. தாம் பிறந்த சமயத்திற்கு அது முழு நியாயம் வழங்கியது எனக் கூறுவதற்கில்லை. கவிஞராகப் பழைய மரபிற்கு நன்றியுடையவராகவும், வாதியாக அதனை மறுப்பவராகவும் அவர் ஒருங்கே விளங்கினார். இம்முரண்பாட்டை மறைத்து அவரைச் சமய நல்லிணக்கக் கவிஞராக மட்டும் காட்டுவது வரலாற்றிற்குப் பொருந்தாது. பின்னது பக்திப் பாடல்களின் தொகுதி. அவர் இயற்றிய பாடல்கள் தமிழகத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவற்றில் வாதியின் குரல் ஒடுங்கி, வேறு துணையில்லை என்று அடைக்கலம் புகும் அடியாரின் குரலே ஒலிக்கின்றது. 1900ஆம் ஆண்டு பிப்பிரவரி 3ஆம் நாள் கிருஷ்ண பிள்ளை இயற்கை எய்தினார்.

முடிவுரை

கிருஷ்ண பிள்ளையின் வாழ்வை இரட்சணியம் என்னும் சொல்லின் வழி நோக்கும்போது மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாவ விடுதலையும் அடைக்கலமும் அவருக்குப் பிறப்பிலேயே அறிமுகமானவை. மீட்பர் தம்மையே ஈடாகத் தந்தார் என்பதே அவரைச் சமயம் மாறச் செய்த கருத்து. இரண்டாவது, பன்யனில் குறிப்பாக நின்ற சிலுவைப்பாடு தமிழில் தனிப் படலமாக விரிந்தமைக்கு வாசகர்களின் தேவையோடு ஆசிரியரின் வாழ்வனுபவமும் காரணம். மூன்றாவது, அவர் கம்பரிடம் பெற்றது சொல்லழகும் யாப்பழகும் மட்டுமன்று. துன்பத்தை ஏற்கும் தலைவனை எவ்வாறு பாடவேண்டும் என்னும் காப்பிய நெறியுமாகும். கிறித்தவக் கம்பர் என்னும் பட்டத்தை இப்பொருளில் கொண்டால் அது பொருத்தமுடையதே. வைணவ உரைமரபின் சொற்களஞ்சியத்தோடு இரட்சணிய யாத்திரிகத்தைச் சொல்வாரியாக ஒப்பிட்டு ஆராயும் பணி இனிச் செய்யப்படுமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ச் சமயச் சொற்கள் அடைந்த பொருள்மாற்றங்கள் மேலும் தெளிவுறும்.